மூன்று சில்லில் சிசிலி

மூளை கலங்கிவிட்டது என்று எழுதுவதென்றால் எழுதுங்கோ பிள்ளை, நான் மறிக்கமாட்டேன். ஆனால் முழுக்கக் கேட்டுப்போட்டு எழுதுங்கோ. பாதிக் கதையோடு தீர்ப்புச் சொல்லுகிற ஆட்கள் எங்கள் மல்லாகத்திலும் இருந்தார்கள், சிசிலியிலும் இருந்தார்கள். இந்த லண்டனில்தான் அவர்களுக்குச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். குறை நினையாதேங்கோ.

அந்தக் கதிரை வேண்டாம், அது ஆடும். இதிலே இருங்கோ. பருத்தித்துறைப் பக்கமோ? வாசலில் வதனியோடு கதைக்கும்போதே பேச்சை வைத்துப் பிடித்துவிட்டேன். ஞாபகம் கெட்டவனுக்கு இதெல்லாம் பிடிபடுமோ, நீங்களே சொல்லுங்கோ.

நீங்கள் என்னத்துக்கு வந்திருக்கிறீங்கள் என்று எனக்கு நல்லாய்த் தெரியும். ஞாபக மறதி பார்க்கிற கிளினிக்கிலிருந்து. என் மகள் வதனி கூப்பிட்டிருக்கிறாள். எனக்குத் தலை சரி என்று நீங்கள் சொன்னால் அடுத்த கிழமை நான் பிளேன் ஏறிப் பலெர்மோவுக்குப் போய்விடுவேன். சரியில்லை என்று சொன்னால் என் பாஸ்போர்ட் அவளுடைய அலுமாரியிலேயே கிடக்கும். நான் இந்த ஜன்னலாலே பக்கத்து வீட்டுக்காரனின் குப்பைத்தொட்டியைப் பார்த்துக்கொண்டு மிச்சக் காலத்தை ஓட்டவேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

கேள்விகளைக் கேளுங்கோ. இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. சித்திரை மாதம். இது ஹரோ. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கவோ? தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து. போதுமோ? விட்டால் பூச்சியத்துக்குக் கீழேயும் இறங்கிப்போவேன், நீங்கள்தான் களைத்துப்போவீங்கள்.

ஆனால் வதனிக்குக் கணக்கிலே பிரச்சினை இல்லை. கதையிலேதான் பிரச்சினை. அப்பா நடக்காததையெல்லாம் நடந்ததென்று நம்பத் தொடங்கிவிட்டார் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பாள். முக்கியமாக இரண்டு. ஒன்று, சாமியாரம்மாவின் குகையிலே நான் தேங்காய் உடைத்தது. மற்றது, சிஞ்ஞோரா அகாத்தாவோடு மூன்று சில்லு லொறியில் சிசிலித் தீவையே சுற்றி வந்தது. நான் இந்த இரண்டாவதைத் தொடங்கினால் போதும், அவள் எழும்பிக் குசினிக்குள்ளே போய்விடுவாள். ஒரு நாளாவது முடிவுவரை கேட்டதில்லை. கதையில் ருசி இல்லாத பிள்ளை. தாயைப் போல.

நான் சிசிலிக்குப் போனதே ஒரு பகிடி. எண்பத்தெட்டிலே ஏஜென்சிக்காரன் கனடா என்று சொல்லித்தான் ஏற்றினான். லொறி, கப்பல், பிறகு இன்னொரு லொறி. இறக்கிவிட்ட இடத்திலே ஒரே எலுமிச்சம்பழ வாசம். கனடாவில் எலுமிச்சை காய்க்கும் என்று ஒருத்தரும் எழுதவில்லையே என்று யோசித்துக்கொண்டு நின்றேன். விடிந்த பிறகு பார்த்தால் கடல், அதன் பக்கத்திலே ஒரு பெரிய கல்மலை, சந்திக்குச் சந்தி மீன் விற்கிறவன் போடுகிற கூச்சல். எனக்குக் கனடா மறந்துபோச்சு. அதுதான் நான் முதலும் கடைசியுமாக மறந்த சாமான். அதை வேண்டுமென்றால் எழுதுங்கோ.

பலெர்மோவிலே எங்கள் சனம் அப்போதே நிறைய. எல்லாருக்கும் வீட்டு வேலைதான். எனக்குக் கிடைத்தது சிஞ்ஞோரா அகாத்தா வீடு. சிஞ்ஞோரா என்றால் அம்மா என்று சொல்லுகிற மாதிரி ஒரு மரியாதை. புருஷன் தூரி மரக்கறி யாவாரி, செத்துப்போனார். மகன்மார் இரண்டு பேரும் மிலானோவில் பெரிய உத்தியோகம். அவவுக்கு இடுப்பெலும்பு முறிந்து, நடை சரியில்லை. தாயைப் பார்க்கிறதுக்கு என்னை வைத்தார்கள். என்னை விட நல்ல மூப்பு. எஜமானி, வேலைக்காரன், வேறொன்றுமில்லை. கனகரத்தினம் என்ற பேர் அவவின் வாய்க்குள் கொள்ளவில்லை. ரத்தினோ என்று வெட்டிவிட்டா. பலெர்மோ மேயரே என்னைத் தொன் ரத்தினோ, ரத்தினம் ஐயா என்கிற மாதிரி, மரியாதையாய்த்தான் கூப்பிடுவார். சரி, மேயர் இல்லை, மேயரின் காருக்குக் காற்றடிக்கிறவன். கூப்பிட்டது உண்மை.

இனித் தேங்காய்க் கதை. அந்தக் கல்மலையின் மேலே ஒரு குகை, குகைக்குள்ளே சாந்தா ரொசாலியா. ஒரு காலத்திலே கொள்ளை நோயிலிருந்து அந்த ஊரைக் காப்பாற்றின சாமியாரம்மா. பொன்னுடுப்போடு கண்ணாடிப் பெட்டிக்குள்ளே படுத்திருப்பா. குகையின் கூரையிலிருந்து தண்ணீர் சொட்டும், அதைத் தகரப் பீலி வைத்து ஏந்தியிருப்பார்கள். எங்கள் ஆட்கள் பார்த்தார்கள்: மலை, குகை, அம்மன், தீர்த்தம். வேறென்ன வேண்டும்? சைவக்காரரும் ஞாயிற்றுக்கிழமை என்றால் மலையேறிவிடுவார்கள். ஆவணியிலே ஒரு நாள் ஊரே வெறுங்காலோடு ஏறும், எங்கள் ஆட்களும் ஏறுவார்கள். வதனியும் அவளுடைய தாய் மங்கையும் ஊரிலே. ஷெல்லடி. அவர்களுக்கு ஒன்றும் நடக்கக்கூடாது என்று நேர்த்தி வைத்து நானும் ஏறினேன். ஏறினவன் சும்மா கும்பிட்டுவிட்டு வந்திருக்கலாம். தேங்காய் உடைக்காமல் நேர்த்தி எப்படி முடியும்? குகை வாசற்படியிலே ஓங்கி அடித்தேன்.

கல்லுக் குகை பிள்ளை. சத்தம் உள்ளே போய்த் திரும்பி வந்து இன்னொருமுறை போனது. பாதிரியார் பீடத்துக்குக் கீழே. கன்னியாஸ்திரிகள் மூன்று பேர் என்மேலே. பொலிஸ்காரன் ஒருத்தன் தேங்காய்ச் சொட்டைத் துவக்கு முனையாலே தட்டிப் பார்த்தான். அடிவாரத்திலே தூரியின் பழைய லொறிக்குள் இருந்த சிஞ்ஞோராவுக்கு ஆள் போய், அவவைக் கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவ அந்தத் தேங்காயிலே ஒரு துண்டைக் கடித்துத் தின்றுகொண்டு பாதிரியாருக்குச் சொன்னா, இது குண்டென்றால் நான்தான் முதலிலே சாகவேணும் என்று. அதோடு விஷயம் முடிந்தது. கன்னியாஸ்திரிகள் மூன்று பேர் இல்லை, ஒருத்தர்தான். மிச்சமெல்லாம் அப்படியே நடந்தது.

அன்றைக்கு இறங்கி வரும்போது சிஞ்ஞோராவுக்கு ஒரு மனக்குறை. மலை ஏறுவதென்றால் நடந்து ஏறவேணும், நான் சாக்குமூட்டை மாதிரியல்லோ போய்வந்தேன், அது கணக்கில்லை என்றா. நான் சொன்னேன், எங்கள் பக்கத்திலே மலை ஏற முடியாதவர்கள் மலையை வலம் வருவார்கள், அதுக்கும் பலன் உண்டு என்று. வலம் என்றால் என்ன என்று கேட்டா. சாமி வலக்கைப் பக்கம் இருக்கவேணும், சுற்றி வரவேணும், பாதியிலே திரும்பக்கூடாது, திரும்பினால் எல்லாம் வீண் என்று விளங்கப்படுத்தினேன். கீழே தெரிந்த கடலைக் கையாலே காட்டினா. பிறகு சொன்னா, ஒரு மலையைச் சுற்றி என்னத்துக்கு ரத்தினோ, தீவையே சுற்றுவோம்.

மனிசி பிறந்ததிலிருந்து பலெர்மோவை விட்டு வெளியே போனதில்லை பிள்ளை. தூரியின் லொறி தோட்டத்துக்கும் சந்தைக்கும் ஓடினதோடு சரி. ஐப்பசியில் வெளிக்கிட்டோம். மகன்மாருக்குச் சொல்லவில்லை. சொன்னால் விடுவார்களோ? தாயைக் கட்டிலிலே வைத்திருக்கத்தானே எனக்குச் சம்பளம்.

லொறி என்றால் பெரிய லொறி என்று நினையாதேங்கோ. எங்கள் ஊர் ஓட்டோவின் பின்பக்கத்தை வெட்டிப்போட்டு ஒரு பெட்டியைப் பூட்டின மாதிரி. முன்னுக்கு ஒரு சில்லு, பின்னுக்கு இரண்டு. முன்னுக்கு நாங்கள் இரண்டு பேரும் நெருக்கிக்கொண்டு இருந்தோம். வேறு வழியில்லை, ஒரு சீற்றுத்தான். பின்பெட்டியில் அவவின் கதிரை, அடுப்பு, அரிசி, நான் அரைத்த மிளகாய்த்தூள். அது ஓடுகிற ஓட்டம் எப்படியென்றால், செஃபாலு ஏற்றத்திலே ஒரு நத்தை எங்களை முந்திக்கொண்டு போனது. முந்தினது மட்டுமில்லை, திரும்பி ஒரு பார்வை பார்த்தது. சிரியுங்கோ. சிரிக்கிறது நல்லது. வதனிதான் சிரிக்கமாட்டாள்.

தீவு வலப்பக்கம், கடல் இடப்பக்கம். அதுதான் எங்கள் வரைபடம். வழி தவறினாலும் நான் வண்டியைத் திருப்பமாட்டேன், முன்னுக்கே போய் எப்படியாவது கடலைப் பிடிப்பேன். மெஸ்ஸினாவிலே வாள்மீன் வாங்கி உறைப்பாய்க் குழம்பு வைத்தேன். தன் சீவியத்திலே முதல்தரம் மூக்கு முழுக்கத் திறந்தது என்று சொன்னா. எத்னா எரிமலையின் சரிவிலே சுடுகல்லிலே கத்தரிக்காய் சுட்டுத் தின்றோம். மலை எங்களைக் கண்டு புகைவிட்டது. பாதையோரம் முழுக்க முள்ளுக் கள்ளி, அதிலே சிவப்புச் சிவப்பாய்ப் பழம். ஊரிலே நாங்கள் அதை வேலிக்குத்தான் நட்டோம், அங்கே சந்தையிலே விற்கிறார்கள். மூங்கில் தடியின் நுனியைப் பிளந்து, முள் படாமல் முறுக்கி எடுக்கிற வித்தையை அவதான் காட்டித் தந்தா. உரித்து என் வாயில் வைத்தா. என் கை ஸ்டியரிங்கிலே இருந்தது, அதனாலே. இரவிலே அவ கன்னியாஸ்திரி மடங்களிலே படுப்பா, நான் லொறிப் பெட்டிக்குள்ளே. வேறொன்றுமில்லை.

சிரக்கூசாவிலே விசேஷம் ஒன்றும் இல்லை. மீன் தின்றோம், போனோம். சிரக்கூசாவை விடுங்கோ.

அக்ரிஜெந்தோவிலே பழங்காலத்துக் கோயில்கள் இருக்கு, தூண் மட்டும் நிற்கும், சாமி இல்லை. அங்கே ஒரு தூணுக்குக் கீழே இருந்துகொண்டு சிஞ்ஞோரா தூரியைப் பற்றி முழுக்கச் சொன்னா. நல்ல மனிசன், ஆனால் தன்னை ஒருநாளும் எங்கேயும் கூட்டிக்கொண்டு போனதில்லை என்றா. நான் மங்கையைப் பற்றிச் சொன்னேன். என்ன சொன்னேனோ, நினைவில்லை. இதை மறதி என்று எழுதாதேங்கோ, சொல்ல அவ்வளவு இல்லை, அதுதான். த்ராபானியிலே உப்பளம். எங்கள் ஆனையிறவு மாதிரியே வெள்ளை, காற்றாலை மட்டும் அதிகம். அங்கே நான் கொஞ்சம் அழுதேன். உப்புக் காற்று கண்ணுக்குள்ளே போனால் அப்படித்தான்.

பலெர்மோவுக்குத் திரும்பி வர மார்கழி பிறந்துவிட்டது. வீட்டுக்குள் காலடி வைத்த உடனே போன் அடித்தது. கொழும்பிலிருந்து என் தம்பி. கிழமைக்கணக்கிலே எடுக்கிறேன், எங்கே போனாய் என்று பேசினான். மங்கை போய்விட்டாள். ஆமி வருகிறதென்று யாழ்ப்பாணச் சனம் முழுக்க இடம்பெயர்ந்ததல்லோ அந்தத் தொண்ணூற்றைந்து ஐப்பசியிலே, மழையிலே நடந்து, கிளாலியாலே கடல் தாண்டி, கிளிநொச்சிப் பள்ளிக்கூடம் ஒன்றிலே காய்ச்சலோடு கிடந்தாளாம். பக்கத்திலே வதனி மட்டும். அவளுக்கு அப்போது பன்னிரண்டோ பதின்மூன்றோ. நான் தம்பிக்கு ஆஸ்பத்திரியிலே கிடந்தேன் என்று சொன்னேன். அந்த நேரத்துக்கு அது வசதியாய் இருந்தது. பிறகு வதனிக்கும் மற்ற எல்லாருக்கும் அதையே சொன்னேன். சொன்னதை மாற்றினால் ஒருத்தனை நம்புவார்களோ?

இப்போது என்ன பிழை? சிஞ்ஞோராவும் போய்ச் சேர்ந்துவிட்டா. அவவின் கல்லறைக்குப் பூப் போட ஆளில்லை, மிலானோக்காரர் வரமாட்டார்கள். சந்தைக்குப் பக்கத்திலே என் சிநேகிதன் குணசீலன் ஒரு அறை பார்த்து வைத்திருக்கிறான். பிறகு எங்கள் சனம், மலை, கடல். போன மாரியிலே படியிலே சறுக்கி விழுந்தேன், அதைச் சாட்டாய் வைத்துத்தான் வதனி என்னை இங்கே கொண்டுவந்தாள். விழுந்தது கால், தலை இல்லை.

வா வதனி, தேத்தண்ணியை இதிலே வை. ஏன் நிற்கிறாய், இரு. கதவுக்குப் பின்னாலே நின்று கேட்டது எனக்குத் தெரியும். இன்றைக்குத்தான் குசினிக்குள்ளே போகவில்லை. பாருங்கோ பிள்ளை, நீங்கள் வந்ததிலே ஒரு நன்மை.

"அப்பா, இவ்வளவு காலமும் நான் கேக்கேல்லை. இண்டைக்கு மிஸ்ஸுக்கு முன்னாலை கேக்கிறன். உந்த லொறிப் பயணம் உண்மையிலை நடந்ததோ?"

நடந்தது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கோ. இல்லையெண்டு சொன்னாலும் நான் கோவிக்கமாட்டன். சும்மா சொன்ன கதையெண்டு சொல்லுங்கோ, இப்பவே பாஸ்போட்டை எடுத்துத் தாறன்."

என்ன கதை இது? நான் புளுகன் என்று ஒத்துக்கொண்டால் விடுவாளாம், உண்மை என்று சொன்னால் மூளை சரியில்லையாம். பிள்ளை, இப்படி ஒரு சோதனை உங்கள் கிளினிக்கிலும் இருக்கோ? நடந்தது வதனி. நத்தையை வேண்டுமென்றால் கழித்துவிடு. மிச்சமெல்லாம் நடந்தது. சனம் வெளிக்கிட்ட அதே வருசம், அதே ஐப்பசி.

"நாங்கள் மழைக்குள்ளை ரோட்டிலை நிண்டது உங்களுக்குத் தெரியுமோ?"

சிரக்கூசாவை விடுங்கோ என்று சொன்னேன், விடமாட்டீங்கள். சரி. அங்கே மீன் கடையிலே ஒரு டிவி இருந்தது. செய்தியிலே காட்டினார்கள். ஒழுங்கை முழுக்கச் சனம், சைக்கிள், குடை, தலையிலே மூட்டை. ஒரு நிமிஷம்கூட இல்லை, பிறகு பந்தடி மட்ச். நான் முகங்களைப் பார்த்தேன், ஒருத்தரையும் தெரியவில்லை. சிஞ்ஞோரா முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, ரத்தினோ, வண்டியைத் திருப்பு, வீட்டுக்குப் போய் போனடியிலே இருப்போம் என்றா. நான் மாட்டேன் என்றேன். பாதியிலே திரும்பினால் வலம் அறுந்துபோகும். நான் யாருக்காகச் சுற்றினேன்? உனக்காகவும் உன் தாய்க்காகவும்தானே. திரும்பியிருந்து உங்களுக்கு ஏதும் நடந்திருந்தால்?

"நடந்தது அப்பா."

அது எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றுக்கு என்னை என்ன செய்யச் சொல்லுகிறாய்? போனடியிலே இருந்திருந்தால் மட்டும் நான் கிளாலிக் கடலிலே நடந்து வந்திருப்பேனோ? அதுக்குப் பிறகு ஒரு வருசத்துக்கு ஊருக்கு எந்தப் பாதை திறந்திருந்தது? கேள், பிள்ளையையும் கேள், பருத்தித்துறைக்காரி, அவளுக்குத் தெரியும்.

"அதை நான் கேக்கேல்லை. அம்மா கடைசியா கேட்டவ, அப்பா பாவம், அந்த வீட்டிலை பூட்டி வைச்சிருக்கிறாங்களோ தெரியாது, சாப்பிட்டாரோ தெரியாதெண்டு. நான் உங்களை அப்பிடித்தான் நினைச்சுக்கொண்டு வளந்தனான். ஒண்டைமட்டும் சொல்லுங்கோ. அந்த நேரம் நீங்கள் சந்தோசமா இருந்தனீங்களோ?"

பிள்ளை, நீங்கள் ஏன் குனிந்துகொண்டு இருக்கிறீங்கள்? நிமிர்ந்து பாருங்கோ, இதுதான் உங்களுடைய சோதனை. இந்த இடத்திலே ஒரு பொய் போதும் என்று எனக்குத் தெரியாதோ? வாழ்நாள் முழுக்கப் புளுகின வாய். கன்னியாஸ்திரியை மூன்றாக்கினவனுக்கு ஒரு சின்னப் பொய் பெரிய வேலையோ? இல்லை மகளே, ஒவ்வொரு நாளும் உங்களை நினைத்து அழுதேன், தொண்டையிலே சோறு இறங்கவில்லை என்று சொல்லலாம். சொன்னால் அவளுக்கும் நிம்மதி, எனக்கும் பாஸ்போர்ட்.

சொல்லமாட்டேன். சிஞ்ஞோராவின் மகன்மாருக்குப் பொய் சொன்னேன், ஏஜென்சிக்காரனுக்குச் சொன்னேன், பொலிஸுக்குச் சொன்னேன், தம்பிக்குச் சொன்னேன். அந்தப் பயணத்தைப் பற்றி மட்டும் குறைத்துச் சொல்லமாட்டேன். அதை இல்லையென்று சொன்னால் பிறகு என்னிடம் என்ன இருக்கு?

ஓம் வதனி. சந்தோஷமாக இருந்தேன். அப்படி ஒரு சந்தோஷம் அதுக்கு முதலும் இல்லை, பிறகும் இல்லை. ஒவ்வொரு நாளும் விடிய எழும்பும்போது இன்றைக்கு எந்தக் கடல் என்று யோசித்துக்கொண்டு எழும்பினேன். அதுக்கு இப்போது என்ன செய்யவேணும்? நான் பைத்தியமாகவேணுமோ?

"வேண்டாம் அப்பா." 

கேட்டீங்களோ?

"மிஸ், அப்பாவுக்கு ஒரு வருத்தமும் இல்லை. எல்லாம் வடிவா ஞாபகம் இருக்கு. அப்பிடியே எழுதுங்கோ. மறதியெண்டு நினைச்சது என்ரை பிழை. அப்பிடி இருந்தால் நல்லாயிருக்குமெண்டு நினைச்சிட்டன்போலை."

எழுதிக்கொள்ளுங்கோ பிள்ளை, அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். கனகரத்தினத்துக்குத் தலை சரி. நான் சொன்னேனே, முழுக்கக் கேட்டால் எவரும் ஒத்துக்கொள்ளுவார்கள் என்று. இத்தனை வருசம் பாதியிலே எழும்பிப் போனவள் இன்றைக்குத்தான் இருந்து கேட்டாள். இருந்து கேட்டதும் நம்பிவிட்டாள். நல்ல பிள்ளை, கொஞ்சம் லேற்றாய் விளங்கும்.

மேலே சத்தம் கேட்குதோ? அலுமாரி திறக்கிறாள். அது பெட்டி இழுபடுகிற சத்தம். என்னுடைய பெட்டிதான். பிளேன் அடுத்த கிழமைதானே, இப்போதே ஏன் இவ்வளவு அவசரமாய் அடுக்குகிறாள்? பாசம் பிள்ளை. தகப்பன் வெளிக்கிடுகிறான் என்றால் மகளுக்கு ஒரு இடத்திலே இருப்புக் கொள்ளாது.